டிரோபோனின்: நெஞ்சுவலியை நிறுக்கும் எடைக்கல்

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், மருத்துவ ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

லிப்ட் பராமரிப்பு, போர் மோட்டார், பார்க்கிங் தகராறு எல்லாம் முடிந்துவிட்டது. இனி ஒரு புரதத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பயந்துவிடாதீர்கள், பாடம் நடத்த மாட்டேன். அரைமணி நேரத்தில் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு சுண்டலும் காபியும் இருக்கிறது.

எதற்காக இந்தப் பேச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போட்டு, "டிரோபோனின் நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. ஹார்ட்டில் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டிருந்தார். உடனே பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு நேரமும் தெரியாமல் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் கிடையாது. அதை இன்று விளக்கிவிட்டால் போதும், நான் பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

ஆய்வகங்களுக்குப் பொருள் விற்கும் கம்பெனிகளின் விலைப்பட்டியலில் ஒரு பொருள் இருக்கும். சுண்டுவிரல் அளவு குப்பி. உள்ளே பார்த்தால் ஒன்றும் இல்லாதது போலத் தெரியும். அடியில் லேசாக வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், அல்லது இரண்டு சொட்டுத் தண்ணீர் போல இருக்கும். மேலே சீட்டில் "மனித இதயத் தசை டிரோபோனின், மறுசேர்க்கை முறையில் தயாரித்தது, ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும். பனிப்பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். எடை மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். தங்கத்தோடு ஒப்பிட்டால் தங்கம் மலிவு.

தசைப் புரதம் என்றதும் ஜிம்முக்குப் போகிற நம் பையன்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். தம்பி, இது பாலில் கலக்கிக் குடிக்கிற பவுடர் இல்லை. இதைச் சாப்பிட்டால் வயிறு முட்டையைச் செரிப்பது போலச் செரித்துவிடும், அவ்வளவுதான். ஊசி போடவும் கூடாது. இது மருந்தும் இல்லை, உணவும் இல்லை. அளந்து பார்ப்பதற்கான பொருள்.

முதலில் டிரோபோனின் உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் தசைக்குள் இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. ஒன்று ஆக்டின், இன்னொன்று மயோசின். மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுத்தால் தசை சுருங்கும். விட்டால் தளரும். ஆனால் எந்நேரமும் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் இதயம் எப்படித் துடிக்கும்? அதனால் ஆக்டின் இழை மேல் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. அந்தத் தாழ்ப்பாளைக் கட்டுப்படுத்துவதுதான் டிரோபோனின். கால்சியம் வந்து தொட்டால் தாழ்ப்பாள் விலகும், தசை சுருங்கும். கால்சியம் போனால் தாழ்ப்பாள் விழும், தசை தளரும். இதைக் கண்டுபிடித்து 1965-ல் டிரோபோனின் என்று பெயர் வைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த செட்சுரோ எபாஷி. இப்போது இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் அந்தத் தாழ்ப்பாள் நிமிஷத்துக்கு எழுபது எண்பது தடவை திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

டிரோபோனினில் மூன்று பகுதி: சி, ஐ, டி. கை கால் தசையிலும் டிரோபோனின் உண்டு, இதயத்திலும் உண்டு. ஆனால் இதயத்தில் இருக்கும் ஐ-யும் டி-யும் கை கால் தசையில் இருப்பதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டவை. உதாரணமாக, இதயத்து ஐ 210 அமினோ அமிலம் நீளமுள்ள சங்கிலி. அதன் தலைப்பக்கம் முப்பது அமினோ அமிலம் போல ஒரு கூடுதல் துண்டு இருக்கிறது. அந்தத் துண்டு கை கால் தசையில் கிடையாது. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிதான், ஆனால் இனிஷியல் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாடுதான் மருத்துவத்துக்குப் பெரிய உதவியாக வந்தது. இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டால், அந்தப் பகுதித் தசைச் செல்கள் செத்துப்போகும். செத்த செல்லின் சுவர் கிழிந்து, உள்ளே இருந்த புரதமெல்லாம் ரத்தத்தில் கசியும். ரத்தத்தில் இதயத்து டிரோபோனின் கூடுகிறது என்றால், இதயத் தசையில் எங்கோ சேதம் நடக்கிறது என்று பொருள்.

இதற்கு முன்னால் வேறு பரிசோதனைகள் இருந்தன. 1954-ல் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியை மாரடைப்புக்கு அடையாளமாக அளக்கத் தொடங்கினார்கள். அது ஈரலிலும் இருக்கிறது. இன்று அதை ஈரல் பரிசோதனையில்தான் பார்க்கிறோம். பிறகு சி.பி.கே. வந்தது. அது எல்லாத் தசையிலும் இருக்கிறது. காட்டில் மண்வெட்டி பிடித்தாலும் கூடும், கீழே விழுந்து அடிபட்டாலும் கூடும். 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் ஹ்யூகோ காட்டுஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் டிரோபோனின் டி-யை ரத்தத்தில் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய, அமெரிக்க இதயநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து மாரடைப்புக்குப் புதிய வரையறை எழுதியபோது, டிரோபோனினை மையமாக வைத்தே எழுதின.

சரி, அளப்பது எப்படி? எந்தப் பொருளை நிறுப்பதற்கும் தராசு வேண்டும், எடைக்கல் வேண்டும். நம் ஊரில் உளுந்தும் வத்தலும் பருத்தியும் விற்றுப் பழகிய குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தராசு எவ்வளவு நன்றாக இருந்தாலும், எடைக்கல் தேய்ந்திருந்தால் வியாபாரம் கெட்டது. அதனால்தான் எடைக்கல்லுக்கு அரசாங்க முத்திரை போடுகிறார்கள்.

டிரோபோனின் பரிசோதனையில் தராசு என்பது எதிர்ப்பொருள். டிரோபோனினை மட்டும் அடையாளம் கண்டு கவ்விக்கொள்ளும் புரதம் அது. இரண்டு பக்கம் இரண்டு எதிர்ப்பொருள் கவ்வும், அதில் ஒன்று ஒளி விடும். எவ்வளவு ஒளி வருகிறது என்று கருவி பார்க்கும். ஆனால் இவ்வளவு ஒளி என்றால் எத்தனை நானோகிராம் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அளவு தெரிந்த டிரோபோனினை முதலில் கருவிக்குக் காட்ட வேண்டும். அதுதான் எடைக்கல். அந்த எடைக்கல்லாக இருக்கக்கூடியது அந்தச் சின்னக் குப்பிக்குள் இருக்கும் புரதம்.

தொடக்கத்தில் இந்த எடைக்கல்லுக்கே பாடுபட வேண்டியிருந்தது. மனித இதயத்தை எங்கே போய் வாங்குவது? டிரோபோனின் டி பரிசோதனையின் இரண்டாம் தலைமுறையில் மாட்டு இதயத்திலிருந்து எடுத்த டிரோபோனினை எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். மனித ரத்தத்தை மாட்டுப் புரதத்தின் கணக்கில் அளந்தார்கள். 1990-களின் இறுதியில் மூன்றாம் தலைமுறை வந்தபோது, பாக்டீரியாவில் தயாரித்த மனித டிரோபோனின் டி அந்த இடத்துக்கு வந்தது. மறுசேர்க்கை முறை என்று சொன்னேனே, அது இதுதான்.

அது எப்படி என்று எளிமையாகச் சொல்கிறேன். நம் கரிசல் காட்டில் பி.டி. பருத்தி போட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2002-ல் இந்தியாவில் அனுமதி கொடுத்தார்கள். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் பருத்திச் செடிக்குள் வைத்தது அது. இங்கே நடப்பது அதற்கு நேர் தலைகீழ். மனிதனுடைய மரபணுவின் நகலை எடுத்துப் பாக்டீரியாவுக்குள் வைக்கிறார்கள். ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் ஆபத்தில்லாத ஆய்வக வகை. அந்த மரபணு நகலை ஒரு சிறிய டி.என்.ஏ. வளையத்தில் தைத்து உள்ளே அனுப்புவார்கள். பிறகு சத்து நிறைந்த திரவத்தில், நம் உடம்புச் சூட்டில், குலுக்கிக்கொண்டே வளர்ப்பார்கள். வசதி சரியாக இருந்தால் ஈ. கோலை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். ஒன்று, பத்து மணி நேரத்தில், கணக்குப்படி நூறு கோடியைத் தாண்டும். போதுமான அளவு வளர்ந்ததும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து, "இப்போது அந்த மரபணுவைப் படி" என்று உத்தரவு கொடுப்பார்கள். பாக்டீரியா தனக்குச் சம்பந்தமே இல்லாத மனித இதயப் புரதத்தைச் செய்யத் தொடங்கும். பிறகு செல்களை உடைத்து, மற்றதையெல்லாம் வடிகட்டிக் கழித்து, அந்த ஒரு புரதத்தை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுப்பார்கள்.

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டுக்குப் போய் மருந்துக் குப்பியை எடுத்துப் பாருங்கள். மனித இன்சுலின் என்றால் "ஆர்.டி.என்.ஏ. ஆரிஜின்" என்று இருக்கும். இதே முறைதான். அதற்கு முன்னால் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-ல் பாக்டீரியாவில் மனித இன்சுலினைச் செய்தார்கள், 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனி மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை மறுசேர்க்கை முறையில் கொண்டுவந்தது. மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கப் போடும் டெனெக்டிபிளேஸ் ஊசியும் இந்த வகையில் தயாராவதுதான்.

இந்த எடைக்கல்லுக்கு ஒரு குறை உண்டு. அதையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் கசிந்து வரும் டிரோபோனின் முழுசாக இருக்காது. கொஞ்சம் துண்டாகியிருக்கும், சி-யோடு ஒட்டியிருக்கும், அதன் மேல் பாஸ்பேட் ஏறியிருக்கும். பாக்டீரியா செய்த புரதத்தில் அந்தப் பாஸ்பேட் ஏறாது. தனியாக வைத்தால் ஐ வகை சோதனைக்குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. உருக்கி உருக்கித் திரும்பத் திரும்ப உறையவைத்தால் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு எடைக்கல்லும் தனக்கென்று எதிர்ப்பொருளும் வைத்திருக்கிறது.

இதனால் நமக்கு என்ன? நிறைய இருக்கிறது. ஓட்டப்பிடாரத்தில் ஒரு ஆய்வகத்தில் டிரோபோனின் ஐ பார்க்கிறீர்கள். மூன்று மணி நேரம் கழித்துத் தூத்துக்குடியில் வேறு கருவியில் பார்க்கிறார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, "கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது" என்று நாமாகச் சொல்லவே கூடாது. ஒரு கடைப் படியில் அளந்ததை இன்னொரு கடைப் படியோடு ஒப்பிடுவது போன்றது அது. அதே கருவியில் இரண்டு தடவை பார்த்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மருத்துவர் சொல்ல முடியும். ரிப்போர்ட்டில் ஐ-யா டி-யா என்றும், பக்கத்தில் அந்த ஆய்வகத்தின் இயல்பு அளவு என்ன என்றும் போட்டிருப்பார்கள். அந்தத் தாளைத் தொலைக்காமல் மருத்துவரிடம் கொடுங்கள்.

எவ்வளவு சின்ன அளவை அளக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. நுண்ணிய டிரோபோனின் டி பரிசோதனையில் ஒரு லிட்டருக்கு 14 நானோகிராம் என்பது இயல்பின் மேல் எல்லை. ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோகிராம். இவ்வளவு நுணுக்கமான வேலையில் எடைக்கல் சரியாக இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று இப்போது புரியும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேரம்.

குழாய் அடைபட்டதும் டிரோபோனின் ரத்தத்தில் கொட்டிவிடாது. செல் சாக வேண்டும், கிழிய வேண்டும், கசிய வேண்டும். சாதாரணப் பரிசோதனையில் தெரிய நான்கிலிருந்து ஆறு மணி நேரம்வரை ஆகலாம். நுண்ணிய பரிசோதனையில் அதற்கு முன்பே, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தெரியத் தொடங்கும். பிறகு ஏறி, ஒரு நாள் அளவில் உச்சத்துக்குப் போய், ஒன்று இரண்டு வாரம்வரைகூட ரத்தத்தில் இருக்கும்.

ஆக, ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு இறுக்கிப்பிடித்து, பத்தரை மணிக்கு ரத்தம் எடுத்து, "நெகட்டிவ்" என்று வந்தால், அது மாரடைப்பு இல்லை என்ற சான்றிதழ் ஆகாது. கசிய ஆரம்பிப்பதற்கு முன்பே நிறுத்துப் பார்த்திருக்கிறோம். தராசும் சரி, எடைக்கல்லும் சரி, தட்டில் இன்னும் சரக்கு ஏறவில்லை. அதனால்தான் மருத்துவர்கள் சில மணி நேரம் இருக்கவைத்து மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். "ஒரே டெஸ்டை ரெண்டு தடவை எடுத்துக் காசு பறிக்கிறாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அந்த இரண்டாவது பரிசோதனைதான் உயிர் காக்கும் பரிசோதனை.

அதைவிட முக்கியம், நெஞ்சுவலி என்றால் முதலில் எடுக்க வேண்டியது ஈ.சி.ஜி. மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிஷத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. குழாய் முழுசாக அடைபட்டிருப்பதை ஈ.சி.ஜி. காட்டிவிட்டால், டிரோபோனின் முடிவுக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். ஈ.சி.ஜி.யில் தெளிவாகத் தெரியாதபோதுதான் டிரோபோனினின் உதவி பெரிதாகத் தேவைப்படுகிறது.

மறுபக்கமும் உண்டு. டிரோபோனின் கூடியிருந்தால் எல்லாமே குழாய் அடைப்பு என்று அர்த்தமில்லை. சிறுநீரகக் கோளாறு நாள்பட்டு இருப்பவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கடுமையான தொற்று, நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி, இதயத் தசை அழற்சி இவற்றிலும் கூடும். மாரத்தான் ஓடியவர்களுக்குக்கூடச் சற்று நேரம் ஏறி இறங்கும். இந்தப் புரதம் சேதத்தை மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை.

தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு தனி எச்சரிக்கை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். கடையில் விற்கும் மாத்திரையில் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். சில கருவிகளில் பயோட்டினைப் பசை போலப் பயன்படுத்தித்தான் எதிர்ப்பொருளைப் பிடித்துவைக்கிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் அந்தப் பிடி தவறி, டிரோபோனின் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டிவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2017 நவம்பரில் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. பயோட்டின் அதிகம் எடுத்த ஒருவருக்கு டிரோபோனின் தவறாகக் குறைவாகக் காட்டி, அவர் இறந்துபோனதாக வந்த தகவலையும் அதில் சொன்னது. பல கம்பெனிகள் பிறகு பரிசோதனையை மாற்றியமைத்தன. இருந்தாலும் ரத்தம் எடுக்கும்போது, "முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். இங்கே நெஞ்சு கரித்தால் முதலில் வருவது கோலி சோடா. அடுத்தது ஓம வாட்டர். அதற்கு அடுத்தது, "வாயுப் பிடிப்புதான், கொஞ்ச நேரம் படுங்க, சரியாயிரும்" என்ற ஆறுதல். இப்படியே ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குப் பிறகு கார் சாவியைத் தேடி, யார் ஓட்டுவது என்று பேசி, தூத்துக்குடிக்குப் புறப்படுவோம். கோவில்பட்டிக்காரர்களுக்குத் திருநெல்வேலி என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இந்த ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. செத்தது திரும்ப முளைக்காது.

நேரத்தைக் குறைத்தால் பலன் கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோயம்புத்தூரின் இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சக மருத்துவர்களும், பெரிய மருத்துவமனையையும் சுற்றியுள்ள சின்ன மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸால் இணைக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் நான்கு இடங்களில் செய்து பார்த்தார்கள். சின்ன மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து உடனே கட்டி கரைக்கும் ஊசி, பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றம். மொத்தம் 2,420 நோயாளிகள். 2017-ல் முடிவு வெளியானது. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேர், பின்னால் 14.2 பேர். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருப்பதைச் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நூறு பேரில் மூன்று பேர் கூடுதலாக வீட்டில் இருக்கிறார்கள்.

2023-ல் நம் அரசு "இதயம் காப்போம்" திட்டம் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றை முதல் வேளை அதிக அளவில் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் மாத்திரை வாங்கி வைத்து நாமே விழுங்கக் கூடாது. வயிற்றுப் புண், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது வேறு ஆபத்து. கொடுக்கிறவர் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

குழுவில் முன்கூட்டியே சிலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்.

"டிரோபோனின் கார்டு வாங்கி நம் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாமா?" வேண்டாம். கோடு விழவில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவோம். அந்த நிம்மதிதான் ஆபத்து.

"வருஷா வருஷம் செய்யும் உடல் பரிசோதனையில் இதையும் சேர்க்கலாமா?" வலி எதுவும் இல்லாதவர் தானாகப் பார்க்க வேண்டிய பரிசோதனை இல்லை இது. அந்தக் காசுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒழுங்காகப் பாருங்கள்.

"பாக்டீரியாவில் செய்தது என்றால் நம் உடம்புக்குள் கிருமி போய்விடாதா?" அந்தப் புரதம் நம் உடம்புக்குள் வருவதே இல்லை. நம் ரத்தம்தான் வெளியே போய் அதன் பக்கத்தில் நிற்கிறது.

"இது சைவமா, அசைவமா?" மூன்றாம் மாடி அக்கா கேட்டது. அக்கா, மாட்டு இதயத்திலிருந்து பாக்டீரியாவுக்கு மாறியாயிற்று என்று முன்பே சொன்னேன். இதற்கு மேல் உங்கள் விருப்பம்.

"எல்லோருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலி வருமா?" வராது. இது நல்ல கேள்வி. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வெறும் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தாடை வலி, மேல் வயிற்று எரிச்சல், காரணமில்லாத அசதி என்று மட்டும்கூட வரலாம். சமையல்கட்டில் நின்று வியர்த்தது என்று மைனிமார் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, நம் சங்கம் செய்யக்கூடிய சில வேலைகள். செயலாளர் அண்ணாச்சி குறித்துக்கொள்ளட்டும்.

லிப்ட் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுவோம். நெஞ்சுவலி என்றால் 108, நம் குடியிருப்பின் முழு முகவரி, வரும் வழிக்கு ஒரு அடையாளம். பதற்றத்தில் முகவரி சொல்லத் தெரியாமல் திணறுவது எல்லோருக்கும் நடக்கும்.

ராத்திரி கேட் சாவி வாட்ச்மேன் கையிலேயே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்தில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது. பார்க்கிங் தகராறுக்கு இதைவிட நல்ல தீர்ப்பு என்னிடம் இல்லை.

தூத்துக்குடியிலும் கோவில்பட்டியிலும் எந்த மருத்துவமனையில் ராத்திரியிலும் இதயநோய்ப் பிரிவு இயங்குகிறது, காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்று இரண்டு பேர் நேரில் போய் விசாரித்து எழுதிவைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு தாள். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாமை, பழைய ஈ.சி.ஜி. நகல். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் புதியதோடு ஒப்பிட மருத்துவருக்கு எவ்வளவோ உதவி. முடி மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

வலி வந்தால், வந்த நேரத்தைக் கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. "சாயங்காலம்போல" என்று சொன்னால் போதாது. வலியோடு இருப்பவர் வண்டி ஓட்டக் கூடாது, மாடிப்படி இறங்கக் கூடாது. லிப்ட் வேலை செய்யவில்லை என்றால் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். இதற்கென்றே உறுதியான நாற்காலி ஒன்று கீழே இருக்கட்டும்.

விஞ்ஞானிகள் அறுபது வருஷம் உழைத்து ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து, அதைப் பாக்டீரியாவில் செய்து, நூறு கோடியில் ஒரு பங்கை நிறுக்கும் தராசைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தராசு இருக்கும் இடத்துக்கு மனிதரை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மட்டும்தான் நமக்கு மிச்சம். அட்டையும் நாற்காலியும் வாங்க ஆகும் செலவைப் பொதுநிதியிலிருந்து கொடுக்கலாமா என்று இப்போதே கை தூக்கச் சொல்லித் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.